பச்சை இலையானுக்கு என்ன பெயர்? படத்தைப் பார்த்து எவ்வளவு சொல்லலாம்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி நான்கு படங்கள் அனுப்பியிருக்கிறார். முதலாவது, மீன் சந்தையில் சூரை வெட்டும் பலகையில் இருந்த பச்சை இலையான். இரண்டாவது, வீட்டுக் கொம்போஸ்ட் வாளியின் விளிம்பில் இருந்த "கறுப்புக் குளவி". மூன்றாவது, கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தில் வால் நுனியை ஊன்றிக்கொண்டு நிற்கும் ஒன்று. நான்காவது, யன்னல் கண்ணாடியில் ஒரு சாம்பல் நிற இலையான், கொஞ்சம் ஆடிப்போன படம். தங்கச்சியின் பள்ளிக்கூடச் செயற்றிட்டத்துக்காக ஒவ்வொரு படத்துக்கும் கீழே இனப்பெயர் எழுத வேண்டுமாம். பச்சைக்கு ஒரு செயலி லூசிலியா செரிக்காட்டா என்கிறது, இன்னொரு செயலி வேறு பெயர் சொல்கிறது. "படத்தை வைத்து ஈயின் இனத்தைச் சொல்ல முடியுமா, இல்லை இதெல்லாம் குத்துமதிப்பா?" என்று கேட்கிறார்.

தம்பி, உங்கள் நான்கு படங்களுக்கும் நான்கு விதமான பதில் இருக்கிறது. பச்சைக்கு இனப்பெயர் சொல்லலாம், ஆனால் செயலி சொன்ன பெயர் பிழை. குளவிக்கும் சொல்லலாம், ஆனால் அது குளவியே இல்லை. மாம்பழத்தில் நிற்பதற்குப் பெயரின் கிட்டவரைக்கும் போகலாம். சாம்பல் நிறத்துக்குக் குடும்பப் பெயருக்கு மேலே ஒரு எழுத்தும் எழுத முடியாது. ஏன் இப்படி ஆளுக்கொரு நீதி என்பதைத்தான் ஆறுதலாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் இது ஈ தானா என்று பார்க்க வேண்டும். தேனீ, குளவி எல்லாவற்றுக்கும் நான்கு செட்டை. ஈக்கு இரண்டு. பின் செட்டை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை மாதிரி ஒரு சின்னக் குமிழ் இருக்கும். பறக்கும்போது உடம்பைச் சமநிலையில் வைத்திருக்க அது உதவுகிறது. இரண்டு செட்டைக்காரர் எல்லோரும் டிப்டெரா. அந்தக் கணக்கில் நுளம்பும் ஈ தான். எங்கள் வீட்டில் பழத்தைச் சுற்றும் பொடிச் சாமானைக் கொசு என்போம், அதுவும் ஈ தான். உலகத்தில் பெயர் வைக்கப்பட்ட டிப்டெரா இனங்கள் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கு மேலே. ஆகவே "இது என்ன ஈ?" என்ற கேள்வி "இவர் யார் வீட்டுப் பிள்ளை?" என்ற கேள்வி மாதிரி. ஊரைக் கண்டுபிடிப்பது சுலபம், தெருவைக் கண்டுபிடிக்கலாம், வீட்டுக் கதவைத் தட்டும்போதுதான் கஷ்டம்.

சரி, பச்சைக்கு வருவோம். இந்தப் படத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்திருக்கிறது: முகத்துக்கு நேரே, கொஞ்சம் மேலிருந்து எடுத்திருக்கிறீர்கள். முதுகை மட்டும் எடுத்திருந்தால் நானும் தலையைச் சொறிந்துகொண்டு இருந்திருப்பேன்.

பச்சை என்பதை முதலில் மறந்துவிடுங்கள். அந்த மினுக்கம் சாயத்தால் வருவது கிடையாது. உடம்பின் மேற்தோலில் ஒளி பட்டுத் தெறிக்கும் விதத்தால் வருகிறது. கோணம் மாறினால் பச்சை நீலமாகும், பிளாஷ் போட்டால் செம்பு நிறம் காட்டும், மேகம் மூடினால் கறுக்கும். ஒரே இலையானை ஒரே பலகையில் வைத்து ஐந்து படம் எடுத்தால் ஐந்து நிறம் வரும். நிறத்தை வைத்துப் பெயர் சொல்பவர், புடவைக் கடையின் குழல் விளக்குக்குக் கீழே சேலை நிறம் தெரிவு செய்பவர் மாதிரி. வீட்டுக்கு வந்துதான் விளங்கும்.

பதிலாகக் கன்னத்தைப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே, வாயின் இரண்டு பக்கமும், தோடம்பழத் தோல் மாதிரி ஒரு மஞ்சட்செம்மை தெரிகிறதா? லூசிலியாவுக்கு அந்த இடம் வெள்ளிச் சாம்பலாக இருக்கும். அடுத்தது வயிறு. ஒவ்வொரு வளையத்தின் பின் ஓரத்திலும் கறுத்த பட்டி ஓடுகிறது. லூசிலியாவின் வயிறு பட்டியில்லாமல் ஒரே மினுக்கமாக இருக்கும். மூன்றாவது, நெஞ்சறையின் மேல் முள்மயிர்கள் குறைவு. லூசிலியாவுக்கு அங்கே முழு நீளக் கறுத்த முள்மயிர்கள் வரிசையாக நிற்கும், சவரம் செய்யாத மாதிரி. உங்கள் இலையான் கிட்டத்தட்ட வழுவழுப்பு. மூன்று சாட்சியும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன: கிரைசோமையா.

இனி இனம். இங்கேதான் அந்தக் கண். கூட்டுக்கண் இரண்டும் உச்சியில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன, ஆகவே இது ஆண். பெண்ணுக்கு இரண்டு கண்ணுக்கும் நடுவில் இடைவெளி இருக்கும். இந்த ஒரு விஷயத்தை வைத்தே பல ஈக் குடும்பங்களில் ஆண் பெண் பிரிக்கலாம். அடுத்து, படத்தை நன்றாகப் பெருப்பித்து வலது கண்ணைப் பாருங்கள். மேற்பகுதியில் உள்ள வில்லைகள் பெரிது, கீழ்ப்பகுதியில் உள்ளவை பொடி. இரண்டும் சேரும் இடத்தில் பென்சிலால் கோடு போட்ட மாதிரி எல்லை தெரிகிறது. பெரிய தலை, அப்படிப் பிரிந்த சிவப்புக் கண், தோடம்பழக் கன்னம், அதுவும் கொழும்பில் மீன் பலகையில். இது கிரைசோமையா மெகாசெபலா. பெயரின் இரண்டாம் பாதிக்கே "பெருந்தலை" என்றுதான் அர்த்தம். 1794இல் ஃபப்ரீசியஸ் வைத்த பெயர். மலகூடத்திலும் மீன் கழிவிலும் மொய்ப்பது, நீர்கொழும்புப் பக்கம் வெயிலில் காயும் கருவாட்டில் முட்டையிட்டு நாசம் செய்வது எல்லாம் இதன் வேலை.

படத்தில் நெஞ்சறையின் பக்கவாட்டில், முன்கால் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, சுவாசத் துளை ஒன்று கறுத்த கபிலமாகத் தெரிவதும் நல்லது. இதன் உறவுக்காரன் கிரைசோமையா ரூஃபிஃபாசிஸுக்கு அந்தத் துளை வெளிறியிருக்கும். பெண் இலையானாக இருந்து கண் எல்லை உதவாமல் போனால், அந்தப் பொட்டுத்தான் பெயரைக் காப்பாற்றும்.

அப்படியானால் செயலி ஏன் லூசிலியா செரிக்காட்டா என்றது? அது தன்னிடம் காட்டப்பட்ட படங்களிலிருந்துதான் படித்தது. அந்தப் படங்களில் பெரும்பங்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுக்கப்பட்டவை. அங்கே பச்சை இலையான் என்றால் அநேகமாக லூசிலியா. கொட்டாஞ்சேனையில் எடுத்தாலும் கோப்பன்ஹேகனில் எடுத்தாலும் அதே பெயரைத் தூக்கிப் போடுகிறது. சரி, உண்மையிலேயே உங்களிடம் லூசிலியா இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் செரிக்காட்டா என்று எழுத நான் விடமாட்டேன். வெப்ப நாடுகளில் அதிகம் உள்ளது லூசிலியா குப்ரினா. இரண்டையும் பிரிக்க, தலையின் பின்பக்கம் பிடரியில் நடுவில் நிற்கும் முள்மயிர்களை எண்ண வேண்டும். குப்ரினாவுக்குப் பக்கத்துக்கு ஒன்று. செரிக்காட்டாவுக்கு ஆறிலிருந்து எட்டு. ஈயின் பிடரியைப் படம் எடுத்து மயிர் எண்ணியவர்கள் எத்தனை பேர்? செயலி எண்ணவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

செயலிகளை நான் குறை சொல்லவில்லை, தினமும் பாவிக்கிறேன். குடும்பம்வரை அநேகமாகச் சரியாகச் சொல்லும், சாதிவரை, அதாவது இனப்பெயரின் முதல் பாதிவரை, பாதிக்கு நம்பலாம். இனத்தில் அது காட்டும் துணிவுதான் ஆபத்து. தெரியாது என்று சொல்ல அதற்குக் கூச்சம்.

இரண்டாவது படத்துக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. அந்தக் "கறுப்புக் குளவி" ஹெர்மீஷியா இலூசென்ஸ், கறுப்புச் சிப்பாய் ஈ என்று சொல்வார்கள். அமெரிக்கக் கண்டத்துச் சாமான், இன்று வெப்பமான நாடெங்கும் குடியிருக்கிறது. வயிற்றின் இரண்டாம் வளையத்தில் இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் யன்னல் உண்டு. வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் இடை மெலிந்த குளவி மாதிரித் தோற்றும். நீண்டு தட்டையான உணர்கொம்பு, வெள்ளைக் காலடி, இரண்டே செட்டை. கொட்டாது, கடிக்காது. புழுக்கள் உங்கள் வாழைத் தோலையும் தேங்காய்த் திருவலையும் தின்று கொம்போஸ்ட்டைக் கெதியாக்கும். உங்கள் அம்மா வாளிக்குள் மண்ணெண்ணெய் ஊற்ற நினைத்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

மூன்றாவது படம், மாம்பழத்துக்காரி. இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் மரியாதையும் வரும்.

கறுத்த முதுகு, இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு, பின்னால் மஞ்சள் நிறத்தில் அரைவட்டத் தட்டு, வயிற்றில் ஆங்கில டீ எழுத்து மாதிரி கறுத்த அடையாளம், செட்டையின் முன் ஓரத்தில் ஒடுங்கிய கபிலக் கோடு. வால் நுனியில் ஊசி மாதிரி நீண்டிருப்பதால் பெண், முட்டை இறக்கிக்கொண்டு இருக்கிறாள். அந்தப் பழத்தை நாலு நாள் கழித்து வெட்டினால் உள்ளே என்ன இருக்கும் என்று யாழ்ப்பாணத்து மாம்பழம் வாங்கிச் சாப்பிடும் எல்லோருக்கும் தெரியும். சாதி பக்ட்ரோசெரா. முதுகின் நடுவிலும் மூன்றாவது மஞ்சள் கோடு இருந்து, உடம்பு செம்மஞ்சளாக, செட்டை நுனியில் பெரிய கபிலப் பொட்டும் நடுக் குறுக்கு நரம்பில் ஒரு கறையும் இருந்திருந்தால் சூகோடக்கஸ் குகர்பிட்டே, பாவற்காய் புடலங்காயைக் கெடுப்பது, என்று உடனே சொல்லியிருப்பேன். அதைப் படத்தில் பிழைவிடுவது கஷ்டம். உங்களுடையது அது இல்லை.

இதுவரை சுகம். இனி, பக்ட்ரோசெராவில் எது? எல்லோருக்கும் வாயில் வரும் பெயர் டோர்சாலிஸ். ஆனால் டோர்சாலிஸைச் சுற்றி ஒரே முகச்சாயலில் ஒரு கூட்டமே இருக்கிறது. இலங்கையிலேயே கண்டியின் பெயரைத் தாங்கிய பக்ட்ரோசெரா கண்டியென்சிஸ் என்று 1994இல் பெயரிடப்பட்ட ஒன்று உண்டு. அதுவும் மாம்பழத்துக்கு வரும். கையில் பிடித்து ஒவ்வொரு காலையும் செட்டையையும் பார்த்தால்தான் பிரிக்க முடியும், அப்போதும் தயக்கம் இருக்கும்.

இதில் அனுபவசாலிகளே எப்படிச் சறுக்கினார்கள் என்று கேளுங்கள். 2003இல் கென்யாவில் முன்பின் காணாத ஒரு பழ ஈ பிடிபட்டது. மாம்பழத் தோட்டங்களை அழித்துக்கொண்டு ஆபிரிக்கா முழுக்கப் பரவியது. எங்கிருந்து வந்தது என்று தேடினார்கள், இலங்கையில் அதே மாதிரி ஈக்கள் இருந்தன. 2005இல் அதற்கு பக்ட்ரோசெரா இன்வேடென்ஸ் என்று தனி இனப்பெயர் வைத்தார்கள். "படையெடுப்பது" என்று அர்த்தம். நம் நாட்டுச் சாமான் ஆபிரிக்காவைப் படையெடுத்ததாகப் பத்து வருடம் பேச்சு. இன்வேடென்ஸும் டோர்சாலிஸும் கூடிப் பிள்ளை பெறுகிறதா, மணம் ஒன்றா, மரபணு ஒன்றா என்று பல நாடுகளில் சோதித்துப் பார்த்தபின், 2015இல் இன்வேடென்ஸ் தனி இனம் இல்லை, பழைய டோர்சாலிஸ் தான் என்று முடிவெடுத்து இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். ஊசியில் குத்திய மாதிரிகளை மேசையில் பரப்பி நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்களுக்கே இந்தக் கதி. போனில் எடுத்த ஒரு படத்தை வைத்து நான் எந்த முகத்தோடு அடித்துச் சொல்வது?

படத்துக்கு வெளியே ஒரு சின்னச் சாட்சி கிடைக்கும். பல்கனியில் துளசி இருந்தால் காலையில் நாலைந்து இலையைக் கசக்கி ஒரு தட்டில் வையுங்கள். துளசியில் உள்ள மெதில் யூஜினோல் மணத்துக்கு டோர்சாலிஸ் கூட்டத்து ஆண்கள் மயங்கி வருவார்கள். பாவற்காய்க்காரன் வரமாட்டான், அவனை இழுக்க வேறு மணம் வேண்டும். கண்டியென்சிஸ் ஆணும் இதே மணத்துக்கு வருவதால் கடைசிக் கதவு திறக்காது. ஆனாலும் தெரு சரி என்று நிச்சயமாகும். அதோடு தங்கச்சியின் செயற்றிட்டத்துக்கு ஒரு நல்ல பரிசோதனையும் ஆச்சு.

நான்காவது, சாம்பல் நிறம். முதுகில் நீளவாக்கில் மூன்று கறுத்த கோடு, வயிற்றில் சதுரங்கப் பலகை மாதிரிக் கட்டம், செங்கல் நிறக் கண். கோடு மூன்று என்று எண்ணிக்கொள்ளுங்கள், முக்கியம். வீட்டு இலையான் மஸ்கா டொமெஸ்டிக்காவுக்கு நான்கு. சந்தைகளில் மனிதரின் புண்ணையும் கண்ணையும் தேடி வரும் மஸ்கா சோர்பென்ஸுக்கு அகலமாக இரண்டு. மூன்றும் கட்டமும் சேர்ந்தால் சார்கோபேஜிடே, இறைச்சி ஈக் குடும்பம். அதற்கு மேல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏனென்று என் சொந்த அவமானத்தைச் சொல்கிறேன். விலங்கியல் படிப்பித்துக்கொண்டிருந்த காலம், கமரா புதிது, கைத்துணிவும் புதிது. தெஹிவளைக் கடற்கரையில் எடுத்த ஒரு சாம்பல் ஈயின் படத்துக்கு, ஒரு பழைய புத்தகத்துப் படத்தோடு ஒப்பிட்டு, இனப்பெயரைத் தடித்த எழுத்தில் போட்டு ஒரு கண்காட்சிச் சுவரில் ஒட்டிவிட்டேன். பார்க்க வந்த வெளிநாட்டு ஈ நிபுணர் ஒருவர் நெடுநேரம் நின்று பார்த்தார். பிறகு மிகவும் பணிவாக, "இதன் ஆணுறுப்பை எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்டார். என் மாணவர்கள் பக்கத்தில் நின்றார்கள். அவர் பகிடி விடவில்லை. சார்கோபேஜிடே குடும்பத்தில் ஏராளமான இனங்கள் வெளியில் ஒரே அச்சு. ஆணின் வால் நுனியை ஊசியால் இழுத்து வெளியே எடுத்து, அந்த உறுப்பின் கொக்கிகளின் வடிவத்தைப் பார்த்துத்தான் பெயர் வைப்பார்கள். பெண் என்றால் பல இனங்களில் அதுவும் முடியாது. சுவரில் முதுகுப் படத்தை ஒட்டிவிட்டு நான் பெயர் போட்டிருந்தேன். அன்று பின்னேரம் அந்தப் பெயரை வெள்ளைக் கடதாசியால் மூடி ஒட்டினேன். கீழே எழுதியது தெரியாமல் இருக்க இரண்டு தரம் ஒட்ட வேண்டி வந்தது.

அதனால் படம் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். சில விஷயங்களில் செத்த ஈயை விட உயிரோடு எடுத்த படம் மேல். மாட்டைக் கடிக்கும் பெரிய ஈக்களின் கண்களில் பச்சையும் ஊதாவுமாகக் குறுக்குப் பட்டிகள் ஓடும், இனத்தைச் சொல்ல உதவும் பட்டிகள். ஈ செத்துக் காய்ந்ததும் அவை மங்கிப் போகும். நூதனசாலை அலுமாரிகளில் வரிசையாக ஊசியில் நிற்கும் ஈக்களுக்குக் கண் வெறும் கபிலம். அதே மாதிரி, பெத்தகான ஈரநிலப் பூங்காவில் பூக்களுக்கு மேல் அந்தரத்தில் அசையாமல் நிற்கும் மிதவை ஈக்களைப் பாருங்கள். எரிஸ்டலினஸ் சாதிக்குக் கண்ணில் புள்ளி அல்லது வரி உண்டு, கண்ணைக் கூர்மையாக எடுத்தால் பாதி வேலை முடிந்தது. அவற்றின் புழு, வாலாக நீண்ட குழாயால் மூச்சு விட்டுக்கொண்டு அழுக்குத் தண்ணீருக்குள் வாழும். 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்ற கொழும்பில் அதற்கா பஞ்சம்!

நுளம்பும் அப்படித்தான். டெங்குவைப் பரப்பும் இரண்டையும் முதுகு தெளிவாக வந்த ஒரு படத்திலேயே பிரிக்கலாம். ஈடிஸ் ஈஜிப்டையின் நெஞ்சறை மேல் வெள்ளைச் செதில்கள் யாழ் வடிவத்தில் வளைந்திருக்கும். ஈடிஸ் அல்பொபிக்டஸுக்கு நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு. 2017இல் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு சந்தேகத்தில் பதிவானார்கள். அப்படிப்பட்ட ஊரில் எல்லாப் பிள்ளைகளும் இந்த யாழையும் கோட்டையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இன்னும் ஒரு படி மேலே போனவர்களும் உண்டு. 2015இல் தென்னாபிரிக்காவில், தச்சுத் தேனீ மாதிரி வேடம் போடும் ஒரு ஈயை, பிடித்துப் பாதுகாத்த ஈ எதுவும் கையில் இல்லாமல், படங்களை மட்டுமே வைத்துப் புது இனமாக அறிவித்தார்கள். மார்லிமியா சைலோகோப்பே என்று பெயர். உலகமெங்கும் உள்ள வகைப்பாட்டாளர்கள் நூற்றுக்கணக்கில் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். நாளைக்கு இன்னொருவர் அதன் செட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டுமென்றால் எங்கே போவார் என்பது அவர்கள் கேள்வி. நான் எதிர்த்தவர்கள் பக்கம். படத்தில் இல்லாத மயிரை யாரும் எண்ண முடியாது.

அடுத்த தடவை எப்படி எடுப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஈ எங்கே நிற்கிறதோ அங்கேயே முதலில் ஒரு படம் எடுங்கள், எவ்வளவு மோசமாக வந்தாலும் பரவாயில்லை. மீன் மேல், பூ மேல், சாணி மேல் என்ற செய்தி அந்தப் படத்தில்தான் இருக்கும். பிறகு யோகட் கப் ஒன்றால் மூடி, அடியில் தபால் அட்டையைச் செருகிப் பிடியுங்கள். கப்போடு பிரிட்ஜின் கீழ்த் தட்டில் பத்து நிமிடம் வையுங்கள். மேலே ஐஸ் பெட்டியில் வைத்தால் செத்துவிடும். வெளியே எடுத்துக் கணக்குக் கொப்பியின் கட்டம் போட்ட தாளில் கொட்டினால், இரண்டு மூன்று நிமிடம் குளிரில் விறைத்துப்போய் அசையாமல் இருக்கும். கட்டத்தை அடிமட்டத்தால் அளந்து வைத்தால் உடம்பின் நீளமும் கிடைத்துவிடும். அந்த மூன்று நிமிடத்துக்குள் நாலு பக்கம் எடுக்க வேண்டும்: நேரே மேலிருந்து, பக்கவாட்டில், முகத்துக்கு நேரே, பிறகு விரித்த ஒரு செட்டை.

செட்டைதான் எல்லோரும் மறப்பது. செட்டை நரம்பு ஈயின் கைரேகை. வெள்ளைத் தாளின் மேல் வெளிச்சம் சரிவாக விழும்படி வைத்தால் ஒவ்வொரு நரம்பும் தெரியும். வீட்டு இலையானின் நாலாம் நீள நரம்பு நுனிக்குக் கிட்டப் போனதும் முழங்கை மடிக்கிற மாதிரி மேலே வளைந்து, அடுத்த நரம்பைத் தேடிப் போகும். மிதவை ஈக்களில் நடுவில் எந்த நரம்போடும் சேராமல் ஒரு பொய் நரம்பு ஓடும். அது தெரிந்தால், தேனீ வேடம் போட்டாலும் குளவி வேடம் போட்டாலும் மிதவை ஈ தான் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

பிளாஷுக்கு முன்னால் ஒரு ரிஷூத் தாளைப் பிடியுங்கள், மினுக்கம் அடங்கும். போன் கமராவில் "அழகாக்கும்" வசதிகளை நிறுத்திவிடுங்கள். கூர்மையாக்குகிறேன் என்று அது இருந்த மயிரை மெழுகிவிடும், இல்லாத மயிரை வரைந்துவிடும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டொகியுமென்ட்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கும்போது முதலில் போவது முள்மயிர்கள்தான். இந்தத் தடவை மூன்றாவது படத்தில் காலில் என்ன நிறம் என்று எனக்குத் தெரியாமல் போனதும் அதனால்தான். பூங்காக்களுக்குள் மட்டும் யோகட் கப்பைக் கொண்டு போகாதீர்கள், அங்கே பிடிப்பதற்கு அனுமதி வேண்டும். சந்தை இலையானுக்கு யாரும் அனுமதி கேட்கமாட்டார்கள், மீன்காரர் நன்றி சொல்லவும் கூடும்.

இனித் தங்கச்சியின் அட்டை. முதலாவது படத்துக்குக் கீழே: கிரைசோமையா மெகாசெபலா, ஆண், வெள்ளவத்தை மீன் சந்தை, சூரை வெட்டும் பலகை, திகதியும் நேரமும். இரண்டாவதுக்கு: ஹெர்மீஷியா இலூசென்ஸ், கொம்போஸ்ட் வாளி. மூன்றாவதுக்கு: பக்ட்ரோசெரா, டோர்சாலிஸ் கூட்டம், பெண், கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தில் முட்டையிடும்போது. நான்காவதுக்கு: சார்கோபேஜிடே குடும்பம், யன்னல் கண்ணாடி. நான்காவதுக்கு ஏன் முழுப்பெயர் இல்லை என்று ஆசிரியை கேட்டால், "முதுகில் மூன்று கோடு வரைக்கும் எண்ணினோம், அதற்கு மேல் படத்தில் இல்லை" என்று பிள்ளை சொல்லட்டும். மூன்றாவதை முழுப்பெயரோடு எழுத ஆசையாக இருந்தால், துளசித் தட்டுக்கு வருகிற ஆண் ஒன்றைப் பிடித்து, கால்களும் செட்டையும் தெரிகிற மாதிரி எடுத்து, டொகியுமென்ட்டாக அனுப்புங்கள். திரும்பவும் பார்க்கிறேன்.